ஏழாம் குழாய்

எங்கள் ஆய்வறையில் நோயில்லாத ரத்தம் வேண்டுமென்றால் வெளியே யாரிடமும் போய்க் கேட்க மாட்டோம். சட்டைக் கையை மடித்துவிட்டு நாங்களே வரிசையாக உட்கார்ந்துவிடுவோம். நாங்கள் ஆராய்ந்துகொண்டிருந்த தீவுக்காரர்களின் ரத்தத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சுகமாயிருக்கிற ஒன்பது பேர் வேண்டும். மருத்துவமனையின் பத்தாலஜி பிரிவில் புட்டி கழுவுகிற ஆள் வரைக்கும் சேர்த்தால் சரியாக ஒன்பது பேர் இருந்தோம்.

குழாய்களின்மேல் பெயர் இருக்காது, எண்தான். எந்த எண் யாருடையது என்பது என் இழுப்பறையில் கிடக்கும் நீல நோட்டுக்கு மட்டும் தெரியும். அது டாக்டர் இத்சுகோ போட்ட சட்டம். "யாரோடதுன்னு தெரிஞ்சுட்டா கண்ணு பாக்கறத விட்டுடும், மனசு பாக்க ஆரம்பிச்சிடும், ஃபுமியே-சான்" என்பார். நானும் அவரும் ஒரே வருடம்தான் அங்கே வேலைக்குச் சேர்ந்தோம். பதினான்கு வருடம் அவர் பார்ப்பதற்காக நான் திசுவை மெழுகில் பதித்து வெட்டிக் கொடுத்திருக்கிறேன். அவருடைய சட்டங்களில் நான் மீறியது எதுவும் இல்லை.

அந்த ஜூன் மாதம் நாகசாகி முழுக்க மழை. துறைமுகத்தில் நிற்கிற கப்பல்கூட ஜன்னலில் தெரியவில்லை. டாக்டருக்கு முப்பத்தொன்பது வயது, ஆறு மாதக் கர்ப்பம். கல்யாணமாகிப் பதினோரு வருடம் கழித்துத் தங்கிய முதல் கரு. வயிறு மேசையில் இடிக்கிறதென்று மைக்ராஸ்கோப்பின் அடியில் இரண்டு பழைய டெலிபோன் புத்தகங்களை வைத்து உயர்த்திக் கொடுத்திருந்தேன். இருட்டறையில் அவர் கண்ணாடிச் சில்லை நகர்த்திக்கொண்டே சொல்லச் சொல்ல நான் பக்கத்தில் டார்ச் வெளிச்சத்தில் எழுதுவேன். வைரஸ் புகுந்த செல்களைச் சில்லில் ஒட்டி, அதன்மேல் ஒவ்வொரு ஆளின் ரத்தநீரிலும் ஒரு சொட்டு விட்டிருப்போம். அந்த ஆளின் உடம்பில் வைரஸ் இருந்தால் செல்கள் இளம்பச்சையாக ஒளிரும். இல்லையென்றால் வெறும் இருட்டு.

"அஞ்சு இல்ல. ஆறு இல்ல. ஏழு…" அவர் குரல் நின்றது. "ஏழு ஒளிருது."

"சொட்டு பக்கத்துக் குழிக்கு வழிஞ்சிருக்கும் டாக்டர். நான் மறுபடி போடறேன்."

மறுபடி போட்டேன். அடுத்த நாள் இன்னொரு முறை. மூன்று முறையும் அவரே பார்த்தார். மூன்று முறையும் ஏழு பச்சையாக எரிந்தது.

"சரி, யாரு அது? டைப் அடிக்கிற பொண்ணா? ஐயோ, அதுக்கு அடுத்த மாசம் கல்யாணம். நானே கூப்பிட்டுப் பக்குவமா சொல்லிக்கறேன். நோட்டை எடுங்க."

நான் எடுக்கவில்லை. கூரையில் மழை கொட்டுகிற சத்தம் இருட்டறைக்குள் வேறு மாதிரிக் கேட்டது.

"ஃபுமியே-சான்?"

எழுந்து விளக்கைப் போடப் போனேன்.

"போடாதீங்க" என்றார். பிறகு, "என்னோடதா?" என்றார். நான் சுவிட்சிலிருந்து கையை எடுத்தேன். "அப்ப எழுதுங்க. ஏழு, ஒளிருது. பென்சில்ல வேணாம், பேனாவுல எழுதுங்க."

அந்தப் பச்சைக்கு என்ன அர்த்தம் என்று அவரைவிடத் தெரிந்தவர்கள் எங்கள் பக்கத்தில் குறைவு. அந்த வைரஸ் பெரும்பாலும் தாயிடமிருந்து பிள்ளைக்கு வருகிறது, அதுவும் பால் வழியாக என்பதைத்தான் அவர் தீவு தீவாக அலைந்து நிரூபித்துக்கொண்டிருந்தார். வந்தவர்களில் நூற்றுக்குச் சிலருக்கு நாற்பது ஐம்பது வருடம் கழித்துக் கழுத்திலும் அக்குளிலும் நெறி கட்டும். அது நிணநீர்ப் புற்றுநோய். மற்றவர்கள் ஒன்றும் தெரியாமலே கிழமாகிச் செத்துப்போவார்கள். டாக்டர் தன் உயிருக்குப் பயப்படவில்லை என்று எனக்குத் தோன்றியது. நூற்றில் நாலு என்பது அவருக்குச் சின்ன எண். அவர் கை மேசைமேல் கிடந்த விதத்தைப் பார்த்தபோதுதான் விஷயம் எனக்குப் புரிந்தது. இரண்டு வருடமாக அவர் ஐம்பத்தொரு தாய்மாரைப் பார்த்து, பால் கொடுக்காதீர்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தார். அவர்களில் ஒருத்தி, மீன் பதப்படுத்தும் கொட்டகையில் வேலை செய்பவள், எங்கள் இரண்டு பேருக்கும் முன்னால் மார்பை மூடிக்கொண்டே சொன்னாள்: "உங்களுக்கு என்ன டாக்டர், பேப்பர்ல எழுதறது. ஒண்ணு பெத்துப் பாத்துட்டு வந்து சொல்லுங்க." டாக்டர் அன்றைக்கும் தலை குனிந்து நன்றி சொல்லிவிட்டுத்தான் வந்தார். படகில் திரும்பும்போது, "அவ சொன்னது சரிதான்" என்று மட்டும் சொன்னார்.

இந்த ஆராய்ச்சி தொடங்கியதே ஒரு தவறில். எழுபத்து நாலாம் வருடம் டாக்டரின் ஊரான கோத்தோ தீவிலிருந்து தோமே என்ற ஒரு பெண் வந்தாள். கழுத்து முழுக்க நெறி கட்டியிருந்தது. அறுத்தெடுத்த கட்டியை நான் வெட்டிச் சாயமேற்றிக் கொடுத்தேன். மூத்த டாக்டர்கள் ஒரு நோயின் பெயரைச் சொன்னார்கள். டாக்டர் அப்போது சின்னவர், அந்தப் பெயரையே எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்தப் பெயருக்கான மருந்தைக் கொடுத்தார்கள். தோமே அடுத்த வசந்தத்தில் இறந்துவிட்டாள். நாலு வருடம் கழித்து டாக்டர் எதையோ தேடப்போய் அந்த மெழுகுக் கட்டையை வெளியே எடுத்து, "இன்னொரு தடவை மெல்லிசா வெட்டுங்க" என்றார். பார்த்தார். செல்களின் உட்கருக்கள் இதழ் இதழாக மடிந்து பூவைப்போல இருந்தன. நாங்கள் எழுதிய நோயில் அப்படி வராது. அதன்பிறகு அவர் வேறு எதையும் பார்க்கவில்லை. தீவிலிருந்து வரும் ஒவ்வொரு கட்டியையும், ஒவ்வொரு துளி ரத்தத்தையும் சேர்த்தார். தோமேயின் கட்டையில் எழுதியிருந்த எண் எழுபத்து நாலு, முன்னூற்றுப் பன்னிரண்டு. அந்த எண்தான் அவர் எழுதிய எல்லாவற்றிலும் முதல் நோயாளி.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அறுவைக்கு முந்தின நாள் தோமே எங்கள் அறை வாசலில் வந்து நின்றாள். பத்தாலஜி டாக்டரைப் பார்க்க நோயாளிகள் யாரும் வருவதில்லை. கையில் சுட்டுக் காயவைத்த கோலா மீன் பொட்டலம். "தேகுச்சி வீட்டு இத்சுகோ இங்கதானே?" என்றாள். டாக்டர் மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமல், "பக்கத்து வீட்டு அத்தையா? வாங்க. அங்க வச்சிடுங்க, அப்புறமா வந்து பாக்கறேன்" என்றார். தோமே உடனே போகவில்லை. அவருடைய முதுகையே பார்த்துக்கொண்டு நின்றாள். பொட்டலத்தை வாங்கிக்கொண்ட என்னிடம் மெதுவாக, "நல்லாச் சாப்பிடறாளா?" என்று கேட்டாள். "சாப்பிடறாங்க" என்றேன். "எலும்பு நல்ல எலும்பு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போனாள். அந்த அப்புறம் வரவேயில்லை. டாக்டர் அவளை அடுத்து எதிர்கொண்டது கண்ணாடிச் சில்லில்தான்.

எட்டாம் மாதம் டாக்டர் பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்குப் போனார். போகுமுன், "அம்மா ரத்தத்தையும் எடுத்து அனுப்பறேன். ஒளிரும்னு தெரியும், இருந்தாலும் அட்டவணையில இடம் காலியா இருக்கக்கூடாது" என்றார். அவர் கணவர் எய்ஜி அந்தத் தீவுக்குப் போகும் கப்பலில் எஞ்சின் அறையில் வேலை பார்ப்பவர். வைரஸ் அவரிடம் இல்லையென்று முன்பே பார்த்துவிட்டோம். ஆகஸ்ட் கடைசியில் அவரே ஐஸ் பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். அந்த வாரம் தீவிலிருந்து வந்தது அந்த ஒரே குழாய்தான்.

ஒளிரவில்லை. மூன்று முறை போட்டேன். மூன்று முறையும் இருட்டு.

தீவில் டெலிபோன் இருந்தது. ஆனால் தபாலாபீஸ் அம்மாளுக்குத் தெரியாமல் அதில் யாரும் பேசிவிட முடியாது. டாக்டருக்குப் பெண் பிறந்த மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. நானே கப்பலேறினேன்.

செப்டம்பரில் அங்கே வடக்கிலிருந்து ஒரு காற்று அடிக்கும். அந்தக் காற்றுக்குத்தான் கோலா மீன் கூட்டமாகக் கரைக்கு வரும். நான் இறங்கியபோது ஊரெல்லாம் மீன் சுடுகிற புகை. டாக்டரின் அம்மா கினுவேயின் வீட்டு முற்றத்தில் செங்கல் அடுக்கிய நீள அடுப்பில் கரி கனன்றுகொண்டிருந்தது. கம்பியில் கோத்த மீன்கள் இறக்கையை விரித்தபடி வரிசையாகக் கிடந்தன. கினுவே ஒரு முனையில் திருப்பிக்கொண்டு வந்தாள், மறுமுனையில் பக்கத்து வீட்டு சதோ. இரண்டு பேரும் எழுபதைத் தொடுகிறவர்கள். கரிக்கையை உயர்த்தி என்னை வரவேற்றார்கள்.

"ஆஸ்பத்திரியிலேருந்தா? வாங்க, வாங்க. உங்க டாக்டருக்கு நீங்களாவது சொல்லுங்க" என்றாள் சதோ. "நேத்து நான் அரிசி மோச்சி உருண்டை போட்டு மிசோ சூப் வச்சுக் கொண்டாந்தேன். குடிச்சா பால் ஆறா ஓடும். தொடவே இல்ல. டாக்டருக்குப் படிச்சா பாலும் டப்பாவுலதான் வருமா?"

"ஏதோ மருந்து சாப்பிடறாளாம், பிள்ளைக்கு ஆகாதாம்" என்றாள் கினுவே. மீனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"என்ன மருந்தோ. உன் பாலைக் குடிச்சுத்தானே இவ்ளோ மூளை வந்துச்சு? அதைச் சொல்லிக் கேளேன்."

"நீ உன் பக்கத்தைத் திருப்பு. வால் கருகுது" என்றாள் கினுவே.

டாக்டர் உள்ளறையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மார்பை வெள்ளைத் துணியால் இறுகச் சுற்றியிருந்தார். துணியில் இரண்டு இடத்தில் ஈரம் படர்ந்திருந்தது. பக்கத்தில் மெத்தைமேல் குழந்தை, ஏழாம் நாள்தான் பெயர் வைப்பார்கள், இன்னும் பெயரில்லை. என்னைப் பார்த்ததும் அவர் ரத்தத்தைப் பற்றிக் கேட்பார் என்று நினைத்தேன்.

"ஃபுமியே-சான், ஒரு துளிப் பால்ல எத்தன செல் இருக்கும்?"

"உங்களுக்குத் தெரியாததா டாக்டர்."

"தெரியும். ஆயிரக்கணக்குல. அதுல எத்தனை கெட்டதுன்னு யாருக்கும் தெரியாது." குழந்தை உதட்டைச் சுழித்து இப்படியும் அப்படியும் தேடியது. அது தேடுவதைப் பார்த்ததும் துணியின் ஈரம் இன்னும் பெரிதாகியது. அவர் வெட்கப்படவில்லை, மறைக்கவுமில்லை. "ஆறு மாசம் கொடுத்தவங்க, ஒரு வருஷம் கொடுத்தவங்க, ரெண்டு வருஷம் கொடுத்தவங்கன்னு அட்டவணை போட்டோமே. ஒரே ஒரு தடவை கொடுத்தா?"

"அப்படி ஒரு கட்டம் உங்க அட்டவணைல இல்ல டாக்டர்."

"மூணு நாள்?"

"அதுவும் இல்ல."

"இல்லன்னா ஆகாதுன்னு அர்த்தம் இல்லியே. தெரியாதுன்னுதானே அர்த்தம்."

"ஐம்பத்தொரு பேருக்கும் நீங்க என்ன சொன்னீங்க?"

இதை நான் கேட்டிருக்கக் கூடாது. கேட்ட உடனே எனக்குத் தெரிந்தது. அவர் முகத்தைத் திருப்பி, புகை நுழைகிற ஜன்னலைப் பார்த்தார். குழந்தை அழ ஆரம்பித்தது. மூன்று நாள் குழந்தையின் அழுகை பெரிதாகவும் இருக்காது, ஆனால் காதை எடுத்துக்கொண்டு வேறெங்கும் போகவும் முடியாது. டாக்டர் துணியின் முடிச்சில் கை வைத்தார். விரல்கள் முடிச்சைப் பிடித்தபடி நின்றன. நான் எழுந்து போய் வெந்நீரில் பால்மாவு கலக்கினேன். புட்டியோடு திரும்பி வந்தபோது முடிச்சு அப்படியே இருந்தது. விரலும் அங்கேயே இருந்தது.

குழந்தை குடித்தது. தன் கையாலேயே கொடுத்தார். புட்டி காலியான பிறகுதான் கேட்டார்.

"அம்மாவோடது ஒளிர்ந்துச்சா?"

"இல்ல."

"இல்லன்னா?"

"மூணு தடவை போட்டேன். இல்ல."

"குழாய் மாறியிருக்கும்."

"மாறறதுக்கு வேற குழாய் இல்ல டாக்டர்."

"அப்ப ஐஸ் உருகி ரத்தம் கெட்டிருக்கும்." எனக்குப் பதில் சொல்ல நேரம் தராமல் வெளியே பார்த்துக் குரல் கொடுத்தார். "அம்மா, கையக் கழுவிட்டு வா. இன்னொரு தடவை ரத்தம் எடுக்கணும்."

கினுவே கையைக் கழுவாமலே வந்து வாசற்படியில் நின்றாள். "எதுக்கு? போன மாசம்தானே உறிஞ்சின. கொசுவா நீ?"

"சின்ன வயசுல எனக்கு ஆபரேஷன் ஏதாச்சும் நடந்துச்சா? யாரோட ரத்தமாவது ஏத்தினாங்களா?"

"இந்தத் தீவுலயா? சண்டை முடிஞ்ச ரெண்டாம் வருஷம் நீ பொறந்த. காயத்துக்குக் கட்டு போடவே துணி கிடையாது."

"அப்ப உன் பால்தான். வேற வழியே கிடையாது. உன் ரத்தம்தான் தப்பா வந்திருக்கு."

சொல்லிவிட்டு டாக்டர் வாயைப் பொத்திக்கொண்டார். அம்மாவுக்குத் தெரியக்கூடாது என்று மூன்று மாதம் காத்த விஷயம், ஆராய்ச்சிப் பேச்சோடு பேச்சாக வெளியே வந்துவிட்டது. கினுவே படியிலேயே உட்கார்ந்தாள்.

"என் பாலால உனக்கு என்ன?"

டாக்டர் சொன்னார். சுருக்கமாக, தாய்மார்களிடம் சொல்கிற அதே சொற்களில், அதே நிதானத்தில். தன் ரத்தத்தில் இருப்பதை, குழந்தைக்கு ஏன் கொடுப்பதில்லை என்பதை. கடைசியில், "யார் மேலயும் தப்பில்ல. யாருக்கும் தெரியாம வர்றது" என்பதையும். அதுவும் அவர் எல்லாரிடமும் சொல்கிற வரிதான். கினுவே கரிக்கைகளை மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டு கேட்டாள்.

"என்கிட்ட பால் இருந்தாத்தானே" என்றாள்.

"என்ன?"

"என்கிட்ட பால் ஏது. ஒரு சொட்டு வரல. என்னென்னவோ தின்னேன். சூப் குடிச்சேன், கோயில்ல போய் வேண்டிக்கிட்டேன், உங்கப்பா கடல்ல போய் எதை எதையோ பிடிச்சிட்டு வந்தாரு. ரெண்டு கல்லு மாதிரி இருந்துச்சு. நீ கத்திக் கத்தி நீலமாயிட்ட."

"யாரு கொடுத்தா?"

வெளியே கரி வெடிக்கிற சத்தம் கேட்டது.

"அவளே வந்தா. நான் கேட்டுப் போகல, அவளே வந்தா. அவ பிள்ளை செத்து ஏழு நாள் ஆகியிருந்துச்சு. மாரு கட்டிக்கிட்டு ஜுரம். வாசல்ல நின்னுக்கிட்டு, 'கினுவே, உன் பிள்ளையக் கொடு, இல்லேன்னா நான் வெடிச்சுச் செத்துடுவேன்'னா. கொடுத்தேன். நீ குடிக்கக் குடிக்க அவ அழுதா. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டேன். எனக்கு ஆத்திரம். என் பிள்ளை இன்னொருத்தி மடியில அப்படிச் சத்தம் போட்டுக் குடிக்குது."

"யாரும்மா?"

"தோமே."

டாக்டரின் கை குழந்தையின் முதுகில் தட்டிக்கொண்டிருந்தது, நின்றது. பிறகு மறுபடி தட்ட ஆரம்பித்தது. அடுத்து அவர் பேசிய குரலை நான் ஐம்பத்தொரு வீட்டில் கேட்டிருக்கிறேன்.

"எத்தன மாசம் கொடுத்தா?"

"நீ நடக்கற வரைக்கும். அப்புறமும் நீயே வேலியைத் தாண்டி ஓடிடுவ. நான்தான் ஒரு நாள் அவகிட்டப் போய், 'போதும். இது என் பிள்ளைன்னு ஊருக்குத் தெரியணும். இவகிட்ட எப்பவும் சொல்லாத'ன்னு சொன்னேன். சரின்னா. ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசல. அதுக்கப்புறம் அவளுக்குப் பிள்ளையே பொறக்கல."

"பதினாலு மாசம்னு வச்சுக்கலாமா?"

"வச்சுக்கோ."

டாக்டர் என்னைப் பார்த்தார். எழுதச் சொல்கிறாரோ என்று கைப்பையைத் தொட்டேன். அவர் தலையசைத்துத் தடுத்தார்.

"மீன் கொண்டுவந்தாங்களே, ஃபுமியே-சான். நான் திரும்பிப் பாத்தேனா?"

பன்னிரண்டு வருடத்தில் அதைப் பற்றி எங்களுக்குள் ஒரு பேச்சும் வந்ததில்லை. பொய் சொல்லியிருக்கலாம். "இல்ல" என்றேன்.

"என்ன சொன்னாங்க?"

"நீங்க நல்லாச் சாப்பிடறீங்களான்னு கேட்டாங்க. எலும்பு நல்ல எலும்புன்னாங்க."

அவர் சிரித்தார். சிரிப்பு பாதியில் வேறாக மாறி, குழந்தையின் தலைமேல் குனிந்துகொண்டார். கினுவே அவரைத் தொட எழுந்தவள், தன் கரிக்கைகளைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள்.

"அவமேல கோபப்படாதே" என்றாள். "கோபப்படணும்னா என்மேல படு."

"கோபமா?" டாக்டர் நிமிர்ந்தார். "அந்தப் பால் இல்லேன்னா நான் எங்க? அவங்க கழுத்துக் கட்டியத் தொட்டுத் தொட்டுத்தான் நான் டாக்டரானேன். எட்டு வருஷம் அவங்களத்தான் பாத்துக்கிட்டு இருந்திருக்கேன். ஒரு தடவைகூட முகத்தைப் பாக்கல."

"கினுவே!" வெளியே சதோவின் குரல். "ரெண்டு வரிசை கரியாப் போச்சு! உள்ள என்ன ராஜாங்கம் பேசறீங்க?"

கினுவே ஓடினாள். நானும் போய்க் கம்பிகளை இறக்க உதவினேன். சதோ என் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தி, "சொல்லிட்டாளா?" என்றாள்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"இந்தக் கரையில இருக்கற நாய்க்குக்கூடத் தெரியும். அந்தப் பிள்ளை ஒருத்திக்குத்தான் தெரியாது. நான்தான் கினுவேக்காக முப்பத்தொம்பது வருஷமா 'உன் பால், உன் பால்'னு கத்திக்கிட்டே இருக்கேன். தொண்டை வத்திப்போச்சு."

மதியம் டாக்டருக்கு மார்பு வலி தாங்கவில்லை. வலி குறைகிற அளவுக்கு மட்டும் பீய்ச்சிக்கொள்வது என்று முடிவானது. சோற்றுக் கிண்ணம் ஒன்றைக் கொடுத்துவிட்டு நாங்கள் திரும்பி உட்கார்ந்தோம். கிண்ணத்தில் பால் விழுகிற மெல்லிய சத்தம் கேட்டது. மஞ்சள் கலந்த, கெட்டியான முதல் பால். அரைக் கிண்ணம்கூட இல்லை. அவர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். சில்லைப் பார்க்கிற பார்வை அது இல்லை. பிறகு அம்மாவிடம் நீட்டினார்.

"கொதிக்க வச்சுட்டுக் கொட்டிடு. கையில பட்டா சோப்பு போட்டுக் கழுவு."

"சரி" என்றாள் கினுவே.

அடுப்படிப் பக்கம் அவள் போகவில்லை. கிண்ணத்தை மார்போடு அணைத்துக்கொண்டு பின்வாசல் வழியாக இறங்கினாள். நான் பின்னாலேயே போனேன். காற்று எதிரில் அடித்தது. கமேலியா மரங்களுக்கு நடுவில் படி ஏறினால் ஊரின் கல்லறை மேடு. கடலைப் பார்த்தபடி ஒரு சாம்பல் கல், அதன் பக்கத்தில் முழங்கால் உயரம்கூட இல்லாத இன்னொரு கல். இரண்டையும் யாரோ தவறாமல் கழுவி வைத்திருந்தார்கள். கினுவேயின் கை கல்லின் எந்த மூலையில் பாசி வரும் என்று தெரிந்து அங்கே தானாகப் போனதைப் பார்த்தபோது அது யாரென்று எனக்குத் தெரிந்தது.

"கொதிக்க வைக்கச் சொன்னாங்களே" என்றேன். சட்டம் பழகின வாய்.

"தோமேக்கு இனிமே என்ன தொத்தப்போகுது?" என்றாள்.

பெரிய கல்லின்மேல் மெதுவாக ஊற்றினாள். பாதியில் நிறுத்திக்கொண்டு சின்னக் கல்லின் பக்கம் குனிந்தாள். "நீயும் குடி. உன் பங்கத்தான் அவ குடிச்சா." கடைசிச் சொட்டு வரை கிண்ணத்தைக் கவிழ்த்துப் பிடித்திருந்தாள். பால் கல்லில் வழிந்து மண்ணில் இறங்கியது. கினுவே கும்பிடவில்லை, அழவில்லை. காலிக் கிண்ணத்தை என்னிடம் கொடுத்துவிட்டு இடுப்பில் கட்டியிருந்த துணியால் இரண்டு கல்லையும் துடைத்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, துடைப்பதை விட்டுவிட்டாள்.

நாங்கள் திரும்பியபோது டாக்டர் விழித்துக்கொண்டுதான் படுத்திருந்தார். கினுவேயின் செருப்பில் ஒட்டியிருந்த செம்மண்ணைப் பார்த்தார். அந்த மண் கல்லறை மேட்டில் மட்டும்தான் உண்டு.

"கொதிக்க வச்சியா?"

"ம்."

அவர் மேலே கேட்கவில்லை. என்னிடம் வேலையைப் பற்றிப் பேசினார். அக்டோபர் கூட்டத்துக்கு அட்டவணையைத் திருத்த வேண்டும், தாயின் ரத்தத்தை மட்டும் பார்த்தால் போதாது, யார் யாரிடம் பால் குடித்தார்கள் என்று ஒரு கேள்வி சேர்க்க வேண்டும், அதைக் கேட்கும்போது குரலை எப்படி வைத்துக்கொள்வது என்று யோசிக்க வேண்டும். நான் எழுதிக்கொண்டேன். நடுவில் நிறுத்தி, "முன்னூத்திப் பன்னெண்டு கட்டையில இன்னும் எவ்வளவு மிச்சம் இருக்கு?" என்றார்.

"ரொம்ப மெல்லிசு டாக்டர். நாலு வெட்டு, அஞ்சு வெட்டு தாங்கும். வெட்டட்டுமா?"

யோசித்தார். பார்க்க வேண்டும் என்ற ஆசை அவர் முகத்தில் பசி மாதிரி இருந்தது.

"வேணாம்" என்றார். "இருக்கட்டும்."

சாயங்காலக் கப்பலுக்கு நான் கிளம்பிக்கொண்டிருந்தேன். சதோ சுட்ட மீனைப் பொட்டலம் கட்டி என் கையில் திணித்தாள். குழந்தை புட்டியில் குடித்துவிட்டுத் தூங்கியிருந்தது. டாக்டர் மறுபடி துணியை அவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அருகில் சோற்றுக் கிண்ணம் இல்லை. விருந்தாளி வந்தால் மட்டும் எடுக்கிற, மூடி போட்ட அரக்குக் கிண்ணத்தை அவரே எழுந்துபோய் அலமாரியிலிருந்து எடுத்து வந்திருந்தார். பீய்ச்சி முடித்து மூடினார். மூடியின் விளிம்பைத் தன் கைத்துண்டால் ஒற்றித் துடைத்தார். இரண்டு கையாலும் அம்மாவிடம் நீட்டினார்.

"சூடா இருக்கு" என்றார். "ஆறறதுக்குள்ள போ."